தாழ்ப்பாள் இல்லாத கதவு

லீலா மேரி வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தகரம் அடித்த ஒற்றைக் கதவு. உள்ளே ஆள் இருந்தால் கதவின் மேல் ஒரு துண்டு தொங்கும். துண்டு தொங்கினால் யாரும் கிட்டே போகக் கூடாது. வருகிற விருந்தாளிக்கும் இதே சட்டம்தான்.

“ஒரு தாழ்ப்பா வாங்கி அடிக்கவா நேரமில்ல உங்க வூட்டுல?” என்று முந்திரிக்கொட்டை உடைக்க வரும் பெண்கள் கேலி செய்வார்கள்.

“துருப்புடிச்சு வுழுந்துருச்சு. மாத்தணும்,” என்பாள் லீலா மேரி. மகள் ஆனி ரோஸ் ஆறாம் வகுப்பு படித்தபோது சொல்லத் தொடங்கிய பதில். இப்போது ஆனி பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குக் கிளம்புகிறாள். பதில் மட்டும் மாறவில்லை.

உண்மையில் அது துருப்பிடித்து விழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஆனி குளித்துக்கொண்டிருந்தபோது உள்ளே வாளி உருளும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. கணவர் சவரியார் ஓடி வந்து கதவை உதைத்தார். லீலா மேரி உள்ளே பாய்ந்து பார்த்தபோது பிள்ளை ஈரத் தரையில் கைகால் வெட்டி இழுக்கக் கிடந்தாள். வாயோரம் நுரை. அன்று சாயங்காலம் சவரியார் தாழ்ப்பாளைக் கழற்றி முந்திரித் தோப்புக்குள் வீசி எறிந்தார்.

அதன் பிறகு அந்த நோயின் பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. ‘அது’ என்பார்கள். “இந்த மாசம் அது வரல.” “தூக்கம் கெட்டா அது வந்துரும்.” தஞ்சாவூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கினார்கள். வரதராசன்பேட்டையிலிருந்து அடிக்கடி தஞ்சாவூர் போய் வந்தால் ஊர் கேட்காமல் இருக்குமா? தஞ்சாவூர் பக்கத்தில் இருக்கும் பூண்டி மாதா கோயிலுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டாள் லீலா மேரி. சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு முறையும் முதலில் பூண்டிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் டாக்டரிடம் போவாள். அதனால் ஊருக்குள் அவளுக்குப் பக்திக்காரி என்று பெயர் வந்துவிட்டது. ஜெயங்கொண்டத்தில் இருக்கும் நாத்தனார் ஆரோக்கிய மேரி, சவரியாருக்கு மூத்தவள், தன் பங்குக்கும் மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுத்தனுப்புவாள்.

“எம் பேரைச் சொல்லி ஏத்து லீலா. நீ கேட்டா மாதா இல்லன்னு சொல்ல மாட்டா.”

லீலா மேரி அதையும் வாங்கிக்கொண்டு போய் ஏற்றுவாள்.

பெரம்பலூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆனிக்குக் கணிதத்தில் இடம் கிடைத்தது. தினமும் போய்வருவது நடக்காது. ஜெயங்கொண்டம், அரியலூர் என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். விடியுமுன் எழுந்து இருட்டிய பிறகு திரும்ப வேண்டும். தூக்கம் கெடக் கூடாது என்பதுதான் டாக்டர் முதலில் சொன்னது. ஆகவே விடுதி என்று முடிவாயிற்று. வீட்டுக்குள் பூகம்பம் அதற்குப் பிறகுதான் வந்தது. எந்த அறை?

அறையை மாணவர்களே போனில் தேர்ந்தெடுக்க வேண்டும். தனி அறை, இரண்டு பேர் அறை, நான்கு பேர் அறை என்று மூன்று வகை. கடைசி நாள் சாயங்காலத்தோடு அவகாசம் முடிந்துவிடும். அன்று காலையிலிருந்து ஆடிக் காற்று செம்மண்ணை வாரி வாரி முந்திரி உடைக்கும் கொட்டகைக்குள் கொட்டியது. லீலா மேரி கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு வறுத்த முந்திரிக்கொட்டைகளைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தாள். சாம்பல் பூசாவிட்டால் கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டுக் கை பொத்துப் போகும். அடி கொஞ்சம் பலமாக விழுந்தால் பருப்பு இரண்டாகிவிடும். அன்று அவள் தட்டியதில் பாதி உடைந்த பருப்பு.

“என்னாக்கா, இன்னிக்குப் பூரா பாயசத்துக்கே உடைக்கிறியே,” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மாள்.

லீலா மேரி அடுத்த கொட்டையைக் கல்லில் வைத்தாள். மகளுக்குத் தனி அறை போதும் என்று அவள் மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். யார் கண்ணிலும் படாமல் மூன்று வருடம் ஓடிவிட்டால் போதும்.

பதினொரு மணி வாக்கில் ஆட்டோவில் வந்து இறங்கினாள் ஆரோக்கிய மேரி. கையில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம். பின்னால் மகள் ஏஞ்சல் மேரி. ஏஞ்சலுக்கும் அதே பல்கலைக்கழகத்தில்தான் இடம்.

“எங்கடி எம் மருமவ?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சென்னையில் வேலை பார்க்கும் தன் மகன் செபஸ்டினுக்கு ஆனி என்று அவள் முடிவு செய்து வெகுநாளாகிறது. உறவுக்குள் கட்டப் பங்குச்சாமியாரிடம் அனுமதி வாங்குவது வரைக்கும் பேசி வைத்திருந்தாள். “ஆனி, ரெண்டு பேர் ரூமைப் போடு. ஏஞ்சல் உம் பேரைப் போட்டுட்டா. நீயும் அவ பேரைப் போட்டியன்னா ஒண்ணாக் குடுத்துருவாங்களாம்.”

கொட்டகை மூலையில் கொட்டை தட்டிக்கொண்டிருந்த ஆனி எழுந்து அம்மாவைப் பார்த்தாள். லீலா மேரியின் கட்டை அந்தரத்தில் நின்றது.

“அண்ணி, அது வந்து... இவ தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பா. பக்கத்துல யாரும் படுக்க முடியாதுங்க.”

“எங்க வூட்டுல அவரு வுடுற கொறட்டையில ஓடே நவுந்து போயிருக்கு. ஏஞ்சலுக்கு உம் மவ பல்லு கடிக்கிறது தாலாட்டு மாதிரி.”

கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள்.

“வெளக்கை அணைக்காமப் படிப்பா அண்ணி.”

“படிக்கத்தான அனுப்புறோம்?”

“இல்லைங்க அண்ணி. தனி ரூமுன்னா இன்னும் கொஞ்சம் நல்லாப் படிப்பாளேன்னு...”

சிரிப்பு நின்றது. ஆரோக்கிய மேரி கருவாட்டுப் பொட்டலத்தை முந்திரிச் சாக்கின் மேல் வைத்தாள்.

“சரிதான். எம் மவ கூட இருந்தா உம் மவ படிப்பு கெட்டுப் போயிரும்ங்கற.”

“ஐயோ, அப்படி இல்ல அண்ணி.”

“வேற எப்படி? ஒண்ணா வளந்ததுங்க. திருநாளுக்கு ஒரே மாதிரி பாவாடை தச்சுப் போட்டதுங்க. இன்னிக்கு ஒரு ரூம்ல படுக்க ஆவாதா?”

ஆனி தன் கையிலிருந்த சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பிட்டுப் போகச் சொல்லிச் சவரியார் எவ்வளவோ கெஞ்சினார். வெயிலுக்கு முன்னே போகணும் என்று சொல்லிவிட்டு, உச்சி வெயிலில் அக்கா கிளம்பிப் போனாள்.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. யாருக்கும் இறங்கவில்லை.

“ஒண்ணு, ஏஞ்சல்கிட்டச் சொல்லிட்டு அவகூட இருக்கேன். இல்ல, நாலு பேர் ரூம். தனியா மட்டும் படுக்க மாட்டேம்மா,” என்றாள் ஆனி.

“ஏஞ்சலுக்குத் தெரிஞ்சா உங்க அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிஞ்சா அதோட முடிஞ்சுது. செபஸ்டினை மட்டும் சொல்லல. நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வாசல்ல நிப்பான்?”

“டாக்டரு என்னா சொன்னாரு லீலா? தனியா வுடாதீங்கன்னுதானே,” என்றார் சவரியார், தட்டைப் பார்த்தபடி.

“அதான் தினம் விடியக்காலையில போன் பண்றேங்கறேன்ல.”

“போன் வந்து என்னை ஒருக்களிச்சுப் படுக்க வைக்குமா?” ஆனியின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் லீலா மேரிக்குத் திட்டவாவது முடிந்திருக்கும். “காலையில கதவைத் தட்டி நான் தெறக்கலன்னா, அந்தத் தாழ்ப்பாளையும் ஒடைக்க அப்பா பெரம்பலூருக்கு வருவாங்களா?”

சவரியார் எழுந்து கை கழுவப் போய்விட்டார். லீலா மேரி அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அந்த வாளி உருண்ட சத்தம் இப்போதும் அவளுக்குக் கேட்கும். இந்த வீட்டில் அதைக் கேட்க இரண்டு பேர் இருந்தார்கள். மூன்றாவது மாடியில், மூடிய கதவுக்குப் பின்னால் உருண்டால்?

“சரி, நாலு பேர் ரூமே போடு. கீழ்த்தளத்துல பாத்துப் போடு,” என்றாள் கடைசியில். “ஆனா யாருகிட்டயும் வாயைத் தெறக்கக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு.”

வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. ஆனி போனை எடுத்துக்கொண்டு வேலியோரத்து முந்திரி மரத்தடிக்குப் போனாள். சத்தியம் பண்ணவில்லை.

சேர்க்கை நாளில் அரியலூர் தாண்டும் வரை சிமெண்டு லாரிகளின் பின்னாலேயே பஸ் ஊர்ந்தது. மடியில் புளிச்சோற்றுத் தூக்குவாளியை வைத்துக்கொண்டு லீலா மேரி ஜெபமாலை உருட்டினாள். கீழ்க் கட்டில் கிடைக்கணும். குளியலறை கிட்டத்தில் இருக்கணும். கூட இருக்கிற பிள்ளைகள் ராத்திரி விழித்துப் பார்க்காத பிள்ளைகளாக இருக்கணும். கடைசி வேண்டுதலைச் சொல்லி முடித்த உடனே, பார்க்கிற பிள்ளைகளாக இருக்கணும் என்று மாற்றிச் சொன்னாள். மாதாவுக்கே குழப்பமாகியிருக்கும்.

பெண்கள் விடுதிக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. சவரியார் பெட்டியை வாசலோடு வைத்துவிட்டு வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டார். அறைக்குள் இரண்டு இரட்டை அடுக்குக் கட்டில்கள். கீழே இருந்த இரண்டிலும் ஏற்கெனவே படுக்கை விரித்தாயிற்று. ஒன்றில் வேப்பந்தட்டைப் பக்கத்துப் பெண், தேவயானி, மேலெல்லாம் வெங்காய வாசனையோடு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் ஜோதி என்ற பெண். அவளோடு அவள் அம்மா. நான்காவது பெண் இன்னும் வரவில்லை.

லீலா மேரி மேல் கட்டிலை அண்ணாந்து பார்த்தாள். ஒரு முழக் கம்பிதான் தடுப்பு.

“எம் பொண்ணுக்குக் கீழ ஒரு கட்டில் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்,” என்றாள், ஜோதியின் அம்மாவைப் பார்த்து.

“நாங்க மொதல்ல வந்துட்டோங்களே.”

“அவளுக்கு உசரம்னா பயங்க.”

“எல்லாம் ரெண்டு நாள்ல பழகிரும்.”

“கால் வேற கொஞ்சம் வலி. ஏற முடியாது.”

“இப்பதான பெட்டியத் தூக்கிட்டு வாசப்படி ஏறி வந்துச்சு பாப்பா?” ஜோதியின் அம்மா சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை.

“தலை சுத்தும்... சில நேரம்...”

“எனக்கு வலிப்பு இருக்குங்க,” என்றாள் ஆனி.

லீலா மேரி மகளின் கையைப் பிடித்தாள். பிடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. சொன்னது வெளியே போயாயிற்று.

“மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருக்கேன். கடைசியா வந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இருந்தாலும் மேல படுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு,” என்றாள் ஆனி.

தேவயானி தன் தலையணையை எடுத்து மேல் கட்டிலில் போட்டாள். பிறகு போர்வையை.

“நீ இங்க படு. நான் வூட்டுலயே பரண்லதான் படுப்பேன்,” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு லீலா மேரியிடம் திரும்பினாள். “வந்துச்சுன்னா நாங்க என்ன பண்ணணும்மா? கையில சாவி குடுக்கணுமா?”

லீலா மேரியின் பை அடியில் ஓர் இரும்புச் சாவி இருந்தது. தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துவிடலாம் என்று ஊசி நூலோடு கொண்டுவந்திருந்தாள். டாக்டர் சாவியெல்லாம் வேண்டாம் என்று சொல்லித்தான் இருந்தார். அவர் சொன்னது எல்லாமே அவளுக்கு மனப்பாடம். யாரிடமும் சொல்ல வேண்டி வந்ததில்லை.

“சாவி வேணாம்மா,” என்றாள். “வாயிலயும் ஒண்ணும் திணிக்கக் கூடாது. கையைக் காலை அமுக்கிப் புடிக்கக் கூடாது. பக்கத்துல இடிக்கிற மாதிரி எது இருந்தாலும் நவுத்திடு. தலைக்கு அடியில துணி ஏதாச்சும் வை. ஆட்டம் நின்னதும் இப்படி ஒருக்களிச்சாப்புல திருப்பி வுடு.” ஆனியின் தோளைப் பிடித்துக் கட்டிலில் சாய்த்தே காட்டினாள். “ரெண்டு மூணு நிமிசத்துல அடங்கிரும். அடங்கலன்னா வார்டனைக் கூப்புட்டு ஆஸ்பத்திரி. முழிச்சதும் ஒண்ணும் வெளங்காம முழிப்பா. பேரைச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இரு. பயப்படுவா.”

“குளிக்கப் போறப்ப?”

“உள்ள தாழ்ப்பா போட மாட்டா. கதவு மேல துண்டைப் போட்டுருவா. நீ வெளிய ஒரு காதை வச்சுக்க.”

தேவயானி தலையாட்டினாள். பயந்துதான் இருந்தாள், முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மேல் கட்டிலில் போர்வையை இழுத்து விரித்தாள்.

அப்போதுதான் லீலா மேரி கவனித்தாள். ஜோதியின் படுக்கை சுருட்டப்பட்டிருந்தது. அவள் அம்மா வராந்தாவில் வார்டனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“பாவந்தான் மேடம், நான் இல்லைங்கல. ஆனா எம் புள்ள ஒரு பல்லியைப் பாத்தாலே மயங்கி வுழுறவ. வலிப்பு வர்ற புள்ளகூட எப்படிங்க ராத்திரி இருக்கும்? வேற ரூம் மாத்திக் குடுங்க.”

“உங்க பொண்ணுக்கு வேணும்னா மாத்தித் தரேன். அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கும்,” என்றார் வார்டன்.

லீலா மேரி வாசலுக்கு வந்தாள். வார்டனுக்கு அந்தப் பக்கம், கையில் பலகாரத் தூக்கோடு ஆரோக்கிய மேரி நின்றிருந்தாள். பக்கத்தில் ஏஞ்சல். கோபத்தை மறந்து மருமகளைப் பார்க்க வந்திருக்கிறார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ. யாரைப் பற்றிய பேச்சு என்று கேட்கத் தேவையில்லாதபடி, ஜோதியின் அம்மா இவர்கள் அறையைத்தான் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி,” என்றாள் லீலா மேரி.

ஆரோக்கிய மேரி தூக்கை ஏஞ்சலிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று நடந்து போனாள். வாசலில் தம்பியையும் பார்க்காமல் காரில் ஏறினாள். திரும்பும்போது எல்லோரும் ஒன்றாகக் காரிலேயே போய்விடலாம் என்று உள்ளே வரும்போது தம்பியிடம் சொல்லியிருந்தாள். அந்தக் கார் போய்விட்டது.

சவரியாரும் லீலா மேரியும் பஸ் ஏறினார்கள். விடுதி வாசலிலேயே அவள் அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். ஜன்னலோரம் மக்காச்சோளக் கொல்லைகள் ஓடின. சாயங்கால வெயில் பிடரியில் அடித்தது. எது பெரிய பயம் என்று லீலா மேரிக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மகளை விட்டு வந்ததா, நாத்தனார் முகமா? இந்நேரம் ஜெயங்கொண்டத்தில் யார் யாருக்குப் போன் போயிருக்கும்?

அரியலூர் வருவதற்கு முன்னால் அவள் போன் அடித்தது. அண்ணி. அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

“எடுத்துரு,” என்றார் சவரியார்.

எடுத்தாள். அந்தப் பக்கம் பேச்சு தொடங்குவதற்கு முன்னால் அவளே சொன்னாள். “ஆனிக்கு வலிப்பு அண்ணி. ஆறாவது படிக்கிறப்பலேர்ந்து. நான்தான் மறைச்சேன். அவ இல்ல.”

“பூண்டிக்குப் போறேன் பூண்டிக்குப் போறேன்னு எங்கிட்ட மெழுகுத்திரி வாங்கிட்டுப் போனியே,” என்றாள் ஆரோக்கிய மேரி. “நான் என்னா வேண்டிக்கிட்டுக் குடுத்தேன் தெரியுமா? ஏஞ்சல் கணக்குல பாசாவணும், மாட்டுக்கு மடி நோய் தீரணும். எத்தனை திரி. அத்தனையும் மாட்டு மடிக்கு ஏத்த வச்சிருக்கியே என்னைய. தெரிஞ்சிருந்தா அந்தப் புள்ளைக்கில்ல வேண்டியிருப்பேன்?”

லீலா மேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“அழுவாத. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. கண்டவ வாயால கேக்க வச்சுட்டியே, அதான். செபஸ்டின் பேச்சை இப்ப எடுக்காத. அது அவனும் பேசணும், ஆனியும் பேசணும். நான் இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“சரிங்கண்ணி.”

“இன்னொண்ணு. ஏஞ்சல் போன் பண்ணுனா. அந்த ரூம்ல ஒரு கட்டில் காலியாயிருச்சாமே. பெட்டியத் தூக்கிக்கிட்டு அங்க வந்துட்டாளாம். எங்கிட்டக் கேக்கல, சொல்லுறா. ராத்திரி மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா? உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னா. ஆனி பொய் சொல்லுவாளாம், சின்னதுலேர்ந்து மருந்துன்னா ஒளிச்சு வப்பாளாம்.”

“பின்னாடி. எட்டரைக்கு.”

“சரி,” என்று போனை வைத்துவிட்டாள் ஆரோக்கிய மேரி. கோபத்தோடுதான் வைத்தாள்.

வீட்டில் இறங்கியபோது காற்று ஓய்ந்திருந்தது. கொட்டகையில் பெரியம்மாள் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். சவரியார் முகம் கழுவப் போனவர் குளியலறைக் கதவருகில் நின்றார். வெறும் ஆணித் துளைகளைக் கட்டைவிரலால் தடவினார்.

“புள்ளதான் இல்லையே. ஒரு தாழ்ப்பா வாங்கி அடிச்சுரவா?” என்றார்.

“எதுக்கு? ஆயுத பூசைக்கு லீவு வுட்டா வந்துருவால்ல,” என்றாள் லீலா மேரி.

“அதான் நானும் சொல்றேன்,” என்றாள் பெரியம்மாள் கொட்டகையிலிருந்து. “காலேஜி படிக்கிற புள்ள. இன்னமுமா துருப்புடிச்ச கதை சொல்லுவ?”

லீலா மேரி கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தாள். பெரியம்மாளுக்கு எதிரில் போய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்தாள்.

“துருப்புடிக்கலடி பெரியம்மா,” என்றாள். “அந்த ஊசியைக் கீழ வையி. சொல்றேன்.”